பந்தல்காரர் கட்டிய ரேடியேட்டர் ஹோஸ்

இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதைப் பல கார்களில் முதலில் சொல்வது ஏசிதான். சில்லென்று வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று வெதுவெதுப்பாகும். கேஸ் இறங்கிவிட்டது போல, மதுரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இன்ஜினை ஆறவைக்க உள்ளே ஓடும் தண்ணீரான கூலன்டின் சூடு ஒரு அளவைத் தாண்டினால், இன்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று காரின் கம்ப்யூட்டரே ஏசி கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு வரும் நான்குவழிச் சாலையில், காரியாபட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்கு இது நடந்தது. கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி, காரில் நான் மட்டும். ஏசி காற்று மாறிய பிறகு ஒரு தித்திப்பு வாடை வந்தது. அது கூலன்ட் சூட்டில் ஆவியாகும் வாடை, ஒருமுறை மோந்தால் மறக்காது. அதற்குப் பிறகுதான் மீட்டரில் சிவப்பு விளக்கு. பானட் ஓரத்தில் ஆவி கடைசியாகத்தான் வந்தது.

இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளே கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீல விளக்கு, அது அணைந்தால் எல்லாம் சரி, சிவப்பு வந்தால் கெட்டது, அவ்வளவுதான். நடுவில் சூடு ஏறிக்கொண்டே போவதைச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொரு சங்கதி, அந்த விளக்கை எரியவைக்கும் சென்சார் கூலன்டுக்குள் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போய்ச் சென்சார் வெறும் காற்றில் நின்றால், உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும், விளக்கு பேசாமல் இருக்கும். அதனால் வாடையும் ஏசியும் சொல்வதை நம்புங்கள், விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள்.

சூடு ஏறுகிறது என்று சந்தேகம் வந்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைக் கடைசி நம்பரில் ஓடவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். கத்திரி வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். காருக்குள் இருக்கும் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். ஒதுங்க இடம் தேடும் அந்த ஒரு கிலோமீட்டருக்கு அது போதும். ஹீட்டரிலிருந்து சூடான காற்றுக்குப் பதில் சாதாரணக் காற்று வருகிறதென்றால், ஓடுவதற்கு உள்ளே தண்ணீரே இல்லை என்று பொருள். அப்போது ஒரு கிலோமீட்டர் கூடக் கூடாது, அங்கேயே ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டாலும் அதே கதைதான்.

நான்குவழிச் சாலையில் நிற்பதே தனி ஆபத்து. லாரிகள் இடது ஓர வெள்ளைக்கோட்டை உரசிக்கொண்டுதான் போகின்றன. முடிந்த மட்டும் இடதுபுறம் மண்ணில் இறக்கி நிறுத்துங்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். கார் வாங்கும்போதே டிக்கியில் கொடுத்திருக்கும் சிவப்பு முக்கோணத்தைக் காருக்கு ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வையுங்கள். பத்தடியில் வைத்தால் பிரயோஜனமில்லை, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அதைப் பார்த்து முடிப்பதற்குள் உங்கள் டிக்கியில் இருப்பான். அன்று காற்றுக்கு முக்கோணம் நிற்கவில்லை, கல்லை அண்டக்கொடுக்க வேண்டியிருந்தது. லாரிக்காரர்கள் வேப்பங்கொப்பை ஒடித்துப் போடுவது இதனால்தான். காருக்குள்ளும் உட்காரக் கூடாது, காருக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது. தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டி நில்லுங்கள். நிழல் என்று பார்த்தால் சீமைக்கருவேல மரம்தான், முள் குத்தும், பரவாயில்லை.

போன் செய்ய வேண்டியது இரண்டு இடத்துக்கு. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். டோல்கேட் உள்ள சாலைகளில் ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் இந்த எண் வழியாகத்தான் வரும். இன்னொன்று காரின் இன்சூரன்ஸோடு சேர்த்து வாங்கிய சாலை உதவி. இரண்டு இடத்திலும் கேட்கும் முதல் கேள்வி "எங்க நிக்கிறீங்க?" என்பதுதான். "காரியாபட்டி பக்கம்" என்று சொன்னால் வேலைக்காகாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், "மதுரை நோக்கிப் போற பக்கம்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கம் மாறி வந்துவிட்டால், நடுத்தடுப்பில் இடைவெளி தேடிப் பல கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப முடியும். இன்சூரன்ஸ்காரர்களிடம் வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பிய பிறகும், மதுரையிலிருந்து வண்டி வர ஒன்றரை மணி நேரம் என்றார்கள். பிறகு வேறொருவர் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அந்த வெயிலில், லாரி போகும் ஒவ்வொரு முறையும் கார் ஒரு ஆட்டம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, பாலிசி நம்பரைத் தேடி வாசிப்பது எவ்வளவு எரிச்சல் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. பாலிசி நம்பரையும் அவர்கள் உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டியில் போட்டுவையுங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் இதெல்லாம் நடக்கும்.

இடையில் பைக்கில் வந்த இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், பானட்டைத் திறந்து இன்ஜின் மேலேயே தண்ணீரை ஊற்றச் சொன்னார். இன்னொருவர் ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திருகப் போனார், போன் பேசிக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்த் தடுத்தேன். இரண்டுமே நல்ல எண்ணத்தில்தான். ஆனால் இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவோ இன்ஜின் செலவோ நிச்சயம். மூடி அடைத்திருக்கும்போது உள்ளே ஏறத்தாழ ஒரு ‘பார்’, அதாவது வெளிக்காற்றின் அழுத்தம் அளவுக்கு, அழுத்தம் கூடுதலாக நிற்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த மறுகணம் அழுத்தம் போய்விடுவதால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆவியாகி முகத்துக்கு நேரே பீறிட்டு வரும். சில கார்களில் ரேடியேட்டர் மேல் மூடி இருக்காது, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்கில் மறைமூடி, அதாவது மறையில் திருகும் மூடி, இருக்கும். பிளாஸ்டிக்தானே என்று நினைக்க வேண்டாம், அழுத்தம் அதே அழுத்தம்தான். கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், சிலசமயம் விரிசல் விடும்.

எதிர்ப்பக்கச் சாலையில் அருப்புக்கோட்டை நோக்கிப் போன ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) வேகம் குறைந்தது தெரிந்தது. அதில் சவுக்குக் கம்பும் தகரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஏற்றியிருந்தார்கள். போய்விட்டது என்று நினைத்தேன். நடுத்தடுப்பு இடைவெளியில் திரும்பி, என் பக்கம் வந்து, காருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, சாலையை ஒட்டினாற்போல் நிறுத்தினார்கள். இறங்கியது ஐம்பதைத் தாண்டிய ஒருவரும் ஒரு பையனும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இரண்டு ஆண்கள் நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் நின்றேன். அவர் பத்தடி தூரத்திலேயே நின்றுகொண்டார். "தாயி, மொதல்ல நம்ம வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிரு. பெறகு பேசுவோம்" என்றார். தனியாக நிற்கும் பெண்ணிடம் உதவப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அவர் சொல்லாவிட்டாலும் எடுத்து அனுப்பியிருக்க வேண்டியதுதான், லைவ் லொகேஷனையும் சேர்த்து. அதில் உதவ வருகிறவரை அவமதிப்பது ஒன்றுமில்லை.

பந்தல் போடுகிறவர். காரியாபட்டிப் பக்கத்து ஊரில் மறுநாள் காதுகுத்து, அதற்குப் பந்தல் சாமான் கொண்டுபோகிறார். பொழுது சாய்வதற்குள் கம்பு நட வேண்டும். அந்த அவசரத்தில் உள்ளவர் காரில் கை வைக்காமல் முதலில் செய்தது, குனிந்து அடியில் பார்த்தது. பச்சை நிறத்தில் தேங்கிக் கிடந்த கூலன்டைக் காலால் மண் தள்ளி மூடினார். "ஆடு வந்து நக்கிரும்" என்றார். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொடிய விஷம். ஆடும் நாயும் அந்த இனிப்புக்காகவே குடித்துச் செத்துப்போகும். வீட்டு வாசலில் கூலன்ட் மாற்றிக் கீழே ஊற்றிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அரை மணி நேரத்துக்கு எதையும் தொடக் கூடாது தாயி. சாவியையும் போடாத" என்றார். எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை, ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. அன்று அவர் செய்த பெரிய உதவி எது என்று கேட்டால், அந்தக் காத்திருப்பைத்தான் சொல்வேன். பானட்டைத் திறந்து கொக்கியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவைச் செருகிக்கொள்ளச் சொன்னார். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது, சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றும். விரலோ துணியோ அந்தப் பக்கம் போகக் கூடாது. பையனை அனுப்பி ஊர் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து இரண்டு கேனில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். காரில் குடிப்பதற்கு ஒரு லிட்டர் பாட்டில்தான் இருந்தது. ரேடியேட்டருக்கு அது எந்த மூலைக்கு? சின்ன பெட்ரோல் கார்களில் கூலன்ட் மொத்தம் மூன்றரை முதல் ஐந்து லிட்டர் வரை பிடிக்கும்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ரேடியேட்டரின் மேல்பக்கத்து ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, தொய்ந்து அமுங்கினால் திறக்கலாம். அமுங்கியது. அப்படியும் நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருப்பு மட்டும் திருகி நிறுத்தினார். மூடியின் முதல் படி அது. அங்கே உஸ்ஸென்று மிச்சக் காற்று போகும். சத்தம் நின்ற பிறகுதான் கீழே அமுக்கி முழுதாகத் திறக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் சொட்டுக்கூட இல்லை.

ஓட்டை எங்கே என்பதை அவர் முன்பே பார்த்துவைத்திருந்தார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டர் மேல்பக்கம் வரும் தடித்த கறுப்பு ஹோஸ், கிளிப் போட்ட இடத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு அங்குலம் கிழிந்திருந்தது. பெரும்பாலும் அங்கேதான் கிழியும். கிளிப் கடிக்கிற விளிம்பில்தான் ரப்பர் நாள்பட வெந்து விறைத்துப்போகும். கிழிசல் முனையிலேயே இருந்து, ஹோஸ் கொஞ்சம் நீளமாகவும் இருந்தால், முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி சொருகிக் கிளிப்பை முறுக்கிவிடலாம், அதுதான் சுத்தமான வேலை. என் காரில் வெட்டினால் எட்டாது. ஆகவே கட்டுப்போட வேண்டியதாயிற்று.

அவர் எடுத்தது பழைய டியூபைக் கத்தரித்த நாடா. ஒரு அங்குல அகலம், நாலு முழ நீளம். பந்தல் கம்பு கட்டவும், பைக்கில் சாமான் கட்டவும் மதுரைப் பக்கம் எல்லோரும் வைத்திருக்கும் அதே நாடாதான். ஹோஸை ஈரமில்லாமல் துடைத்து, மேலிருந்த அழுக்கைக் கத்தி முதுகால் சுரண்டினார். ஈரத்தின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கின் மேலும் ரப்பர் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிழிசலுக்கு இரண்டு அங்குலம் முன்னாலிருந்து, நாடாவை இழுக்கிற மட்டும் இழுத்துப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுகிறது. கிழிசலைத் தாண்டிக் கிளிப்மேலேயே ஏறி, அங்கிருந்து திரும்பி, மறுபடி முன்னே. மூன்று அடுக்கு. இழுத்துச் சுற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. இழுபட்ட ரப்பர் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம்தான் கிழிசலை அமுக்கிப் பிடிப்பது. பிறகு கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து மூன்று இடத்தில் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கினார். "ரொம்ப முறுக்குனா கம்பி ரப்பரை அறுத்துரும்" என்று சொல்லிக்கொண்டே, கம்பி ரப்பருக்குள் லேசாக அமுங்கியதும் நிறுத்தினார். இதையெல்லாம் இன்சுலேஷன் டேப்பால் செய்யலாமே என்று கேட்டேன். அதன் பசை இந்தச் சூட்டில் இளகி வழிந்துவிடும். ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையும் உதவாது, காய நேரம் வேண்டும், காய்ந்தாலும் ஆடுகிற ஹோஸில் உதிர்ந்துவிடும். இப்போது சிலிகான் டேப் என்று ஒன்று கிடைக்கிறது. பசை கிடையாது, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், சூடு தாங்கும். டியூப் நாடாவுக்கு அடுத்தபடி அதுதான்.

தண்ணீர் ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. ஒரேயடியாகக் கவிழ்க்காமல், மெல்லிய தாரையாக. நிறைந்ததும் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹீட்டர் திறந்திருந்தால்தான் அந்தக் குழாயிலும் தண்ணீர் ஏறும். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வந்து மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விட்டால் காற்று சீக்கிரம் வெளியேறும். இன்ஜின் சூடாகி 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும். அப்போது மட்டம் திடீரென்று ஒரு இறக்கம் இறங்கும், பயப்பட வேண்டாம், நிரப்பினால் போதும். மொத்தம் மூன்று லிட்டருக்கு மேல் குடித்தது.

குமிழ் சிறிது நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் கொதிக்கிற உலைபோல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியையும் உருவிப் பாருங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் வெளுத்துக் குழம்பியிருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் எது இருந்தாலும் அதற்குமேல் ஓட்டக் கூடாது, ரிக்கவரி வண்டிதான். என் காரில் ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு வந்ததும் இன்ஜினை அணைத்ததுதான் காப்பாற்றியது என்று பிறகு மெக்கானிக் சொன்னார்.

பந்தல்காரரிடம் முறுக்கு முறுக்காகக் கயிறு இருந்தது. கட்டி இழுத்துவிட்டால் என்ன என்று கேட்டதற்கு முடியாதென்றுவிட்டார். சரியான முடிவுதான். இன்ஜின் ஓடாத காரில் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் வேலை செய்யாது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு முழுப் பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். பழக்கமில்லாதவர் பின்னால் உட்கார்ந்தால் முன்வண்டியில் போய் மோதுவது நடக்கிற காரியம். வேறு வழியே இல்லாமல் இழுக்க வேண்டி வந்தால், சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கயிறு நாலைந்து மீட்டர், வேகம் மிகக் குறைவாக. பம்பரில் கட்டக் கூடாது, டூல்ஸோடு கொடுத்திருக்கும் கொக்கியைப் பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி உள்ளே திருக வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தரையில் உருட்டி இழுக்கவே கூடாது, தூக்கி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கட்டுப்போட்ட ஹோஸ் முழு அழுத்தத்தைத் தாங்காது. அதனால் ரேடியேட்டர் மூடியை முழுதும் மூடாமல் முதல் படியிலேயே விட்டார். உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு பிய்த்துக்கொள்ளாது. மறைமூடி உள்ள கார் என்றால் அரைத் திருப்பு தளர்த்தி வைக்கலாம். ஆனால் அழுத்தம் இல்லாத தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ஓட்டுவதில் அடக்கம் வேண்டும். ஏசி கிடையாது, ஹீட்டர் ஓட வேண்டும், வேகம் நாற்பது ஐம்பது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். டோல்கேட் வரிசையில் நின்று ஊர்வதுதான் மோசம், எதிர்க்காற்று இல்லாமல் சூடு மளமளவென்று ஏறும். எலியார்பத்தியில் வரிசை இல்லாதது என் அதிர்ஷ்டம். மீதித் தண்ணீர்க் கேனை என் காரில் ஏற்றிவிட்டு, தன் வேலையாட்களுக்குப் போன் போட்டு "குழியத் தோண்டி வைங்கடா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, வலையங்குளத்தில் தனக்குத் தெரிந்த மெக்கானிக் பட்டறை வரை பின்னாலேயே வந்தார். அவர் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசை அது. கிளம்பும் முன் சாலை உதவிக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்போதும் அது மதுரையை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை.

பட்டறையில் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. டீசலுக்கு என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் இல்லை. பையனும் அவரும் டீயும் வடையும் மட்டும் சாப்பிட்டார்கள். ஆனால் கேனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கிடம் திரும்பி, "ஹோஸைக் கழட்டயில அந்த டியூப்ப அறுத்துறாதப்பா, சுத்தி எடுத்து வையி, நாளைக்கு இந்தப் பக்கம் வரையில வாங்கிக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது பைக்குகளுக்குக்கூட டியூப் இல்லாத டயர் வந்துவிட்டதால், நல்ல தடித்த டியூப் நாடா லேசில் கிடைப்பதில்லையாம். மெக்கானிக் கம்பியை நறுக்கிவிட்டு, நாடாவைப் பொறுமையாகப் பிரித்து, தண்ணீரில் அலசி ஆணியில் மாட்டினார். உதவியவருக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். அவருடைய சாமான் அவருக்குப் போய்ச் சேருகிறதா, அவருடைய நேரம் இனியும் போகாமல் சீக்கிரம் கிளம்புகிறாரா, இதைப் பார்த்தால் போதும்.

செலவுக் கணக்கு இது. ஹோஸ் 620, புது ஸ்க்ரூ கிளிப் இரண்டு 120, தெர்மோஸ்டாட் 780, கூலன்ட் 900, கூலி 900. மொத்தம் 3,320 ரூபாய். மதுரையிலிருந்து ஹோஸ் வந்து சேர்ந்து, மாட்டி முடிக்க ராத்திரி எட்டாகிவிட்டது. தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்டேன். ஒருமுறை தண்ணீரில்லாமல் வெந்துவிட்ட தெர்மோஸ்டாட்டை நம்ப முடியாது, பாதி திறந்து நின்றுவிட்டால் மறுபடி இதே கதை என்றார். நியாயம்தான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி மட்டம் தட்டிப் போட 25 ஆயிரத்துக்குக் குறையாது என்றும் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் பெரிய சர்வீஸ் சென்டரில் போட்ட பில்லில் கூலன்ட் நிரப்பியதாக வரி இருக்கிறது. ஹோஸை யாரும் அமுக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அமுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸைக் கிளிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் நசுக்குங்கள். நெறுநெறுவென்று சத்தம் கேட்டாலோ, பஞ்சாக அமுங்கினாலோ, கிளிப்பை ஒட்டிப் புடைத்திருந்தாலோ, மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். நம் ஊர் வெயிலுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் அதை நம்புவது சரியில்லை.

அன்று ஊற்றியது கரிசல்காட்டு ஆழ்குழாய்த் தண்ணீர், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அவசரத்துக்கு அதுதான், வேறு யோசனையே வேண்டாம். ஆனால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். பட்டறையில் முழுதும் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, புது கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள். அடர்த்தியான கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும், ரெடிமிக்ஸ் என்றால் ஒன்றும் கலக்கக் கூடாது. டப்பாவைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பச்சையோடு சிவப்பைக் கலக்காதீர்கள், வகை வேறாக இருந்தால் துருத்தடுப்பு வேலை செய்யாது.

உதவ வருகிறவரிடம் கையும் அனுபவமும் இருக்கும், சாமான் நம்மிடம்தான் இருக்க வேண்டும். பந்தல்காரர் அல்லாமல் வேறு எந்த நல்ல மனிதர் வந்திருந்தாலும் டியூபுக்கும் கம்பிக்கும் எங்கே போவது? இப்போது டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்துக்குள் இவை கிடக்கின்றன: ஐந்து லிட்டர் சாதாரணத் தண்ணீர், ஒரு லிட்டர் ரெடிமிக்ஸ் கூலன்ட், இரண்டு மீட்டர் டியூப் நாடா, ஒரு சுருள் கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், பழைய துண்டு, நூல் கையுறை, டார்ச், மேல் ஹோஸ் அளவுக்கு இரண்டு ஸ்க்ரூ கிளிப். ஹோஸின் வெளிவிட்டம் காருக்குக் கார் மாறும், பழைய ஹோஸைக் கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். கம்பெனியில் போட்டு வரும் ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்ற நல்ல பிளேயர் வேண்டும், ஸ்க்ரூ கிளிப் என்றால் பத்துப் பைசாவை வைத்துக்கூடத் திருகலாம். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடும். டியூப் நாடா சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், இருந்தால்.

ஹோஸ் மாற்றிய பிறகு ஒரு வாரம் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிளாஸ்டிக் டேங்கில் மட்டம் பாருங்கள். முதல் நாள் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். உள்ளே மிச்சம் மாட்டிய காற்று வெளியேறுவதால் முதல் ஓரிரு நாளில் ஒரு விரல்கடை இறங்கலாம், அது கணக்கில்லை. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போய், அடியில் ஈரமும் தெரியவில்லை என்றால், தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அன்றே பட்டறைக்குப் போய் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், கூலி அதிகம் ஆகாது.